சேர்வராயன் மலைப் பெண்களின் உழைப்பும் உடைமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வறுமை ஒழிப்பில் பெண்களின் பங்கு என்பது இவ்வாண்டு நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் பேச வருவோர் அனைவரும் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகச் சிறப்பை எடுத்துரைத்துத் தொடங்குவது வழக்கம். அதனை ஆண்டுதோறும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆதலால் இன்று அதனை விடுத்து, பட்டாவைப் பற்றியும் பத்திரத்தைப் பற்றியும் பேசலாமென்று எண்ணுகிறோம். கேட்பதற்குச் சற்று வறட்சியாகத் தோன்றினாலும், நமது மலையில் ஒரு குடும்பம் ஏழ்மையிலிருந்து மீள்வதும் மீளாததும் பெரும்பாலும் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது என்பது எமது கருத்து.

பெண்கள் வேலைக்குச் சென்றால் வறுமை நீங்கும் என்று நகரத்திலிருந்து வருவோர் சொல்லிச் செல்கிறார்கள். சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை இப்பேச்சு பொருந்தாது. இங்கே பெண்கள் வேலைக்குப் போகாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை ஊன்றிய நாள் தொட்டு, காப்பித் தோட்டம் என்பது பெண்களின் விரல்களால் நடப்பது. காப்பிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் பச்சையும் செம்மையுமாக நிற்கும். பழுத்ததை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டும். மீண்டும் சில நாட்கள் கழித்து அதே செடிக்கு வர வேண்டும். நவம்பர் முதல் தை மாதம் வரை, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்கள் பெண்களே. களத்தில் காயும் காப்பியைத் துழாவுவதும், கொட்டை பொறுக்குவதும், களை எடுப்பதும் அவர்களே. வீடு திரும்பினால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கின்றன.

எனவே உழைப்பில் குறைவில்லை. அவ்வுழைப்பின் பயன் யார் பெயரில் சேர்கிறது என்பதே கேள்வி.

முதலில் கூலியைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ பணிபுரியும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்றது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. இவ்விரண்டும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள் அந்தப் பழைய தோட்டச் சட்டத்தின் எல்லைக்குள் பொதுவாக வந்ததேயில்லை. சம கூலியைப் பொறுத்தவரை, மரமேறி மிளகு பறிப்பதும் நிழல்மரம் கவாத்துச் செய்வதும் ஆண் வேலை, பழம் பறிப்பது பெண் வேலை என்று வேலையையே இரண்டாகப் பிரித்துவிட்டால், சட்டம் எட்டிப் பார்க்கவும் இடமில்லாமற் போகிறது. கூலியைப் பற்றி இதற்கு மேல் இன்று பேசப் போவதில்லை. அது தொழிற்சங்கங்கள் பேச வேண்டியது. ஜமாஅத்தின் கைக்கு எட்டியது வேறொன்று.

அதற்குமுன் மகளிர் குழுக்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சுய உதவிக் குழு என்றவுடன் பலரும் வங்காளதேசத்தை நினைக்கிறார்கள். 1976இல் ஜோப்ரா என்ற சிற்றூரில் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006இல் நோபல் பரிசும் பெற்றது. அது பெருமைக்குரியதே. எனினும், நமது மாநிலத்தில் இதற்கென ஒரு தனி வரலாறு உண்டு. அது நமக்கு மிக அருகிலேயே தொடங்கியது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் அமைந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த அதே தருமபுரிதான். பின்னர் நமது சேலத்திற்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் அத்திட்டம் விரிந்தது. 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதற்குமாயிற்று. இடையில் 1992இல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைத்துப் பார்க்கலாமென்று ஒரு சோதனையை மேற்கொண்டது. 2024 மார்ச்சில் அத்தகைய குழுக்களின் எண்ணிக்கை நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம்.

இக்குழுக்களால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள். சிறு தொகை சேமிக்கிறார்கள். தங்கள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குகிறார்கள். கையொப்பமிடப் பழகுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அடகுக்கடைக்கு ஓடாமல் குழுவிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ பெறுகிறார்கள். மேலாளரின் மேசைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார்கள். அதுவே ஒரு புரட்சி என்று சொன்னாலும் மிகையாகாது.

ஆயினும் கடன், கடன்தான். 2015இல் ஆறு நாடுகளில் நடந்த சிறுகடன் ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. அவற்றுள் ஒன்று, பின்னர் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் குழுவினருடன் ஹைதராபாத்தின் ஏழை மக்கள் பகுதிகளில் நடத்தியது. சிறுகடனால் ஏற்கெனவே தொழில் நடத்துவோர் சிலர் அதனை விரிவுபடுத்தினர். ஆனால் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களின் வாழ்வு அதனால் தலைகீழாக மாறிவிடவில்லை என்பதே அந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு. இதற்குள் தனியார் சிறுகடன் நிறுவனங்களின் கெடுபிடி வேறு. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அளவுக்கு அங்கே நிலைமை முற்றியது. தமிழக சட்டமன்றமும் 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்ற நேர்ந்தது. வட்டியின் காரணமாக மார்க்க அடிப்படையில் தயங்கி ஒதுங்கி நிற்கும் நம் சகோதரிகளின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்காகவே 2007 முதல் மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் அமைக்கப்பட்டது. சங்கம் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசும் மானியம் தருவது அதன் ஏற்பாடு. கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டோருக்கும் தையல் இயந்திரமோ சிறுதொழிலுக்கான தொகையோ அதன் வழியே கிடைக்கிறது. நாம் நன்கொடை திரட்டினால்தான் அரசு மானியம் என்பதைச் செல்வந்தர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அதே 2015இல் வேறோர் ஆய்வும் வெளிவந்தது. வங்காளதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம், மிக வறிய பெண்களுக்குக் கடன் கொடுக்காமல், ஒரு பசுவையோ ஆடுகளையோ அவர்களுக்கே உடைமையாக அளித்து, சிறிது காலம் உணவுச் செலவுக்குத் தொகையும் பயிற்சியும் தந்து பார்த்தது. 2002இல் தொடங்கிய அம்முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்தனர். உதவி நின்று ஓராண்டு சென்ற பிறகும் அக்குடும்பங்களின் உணவும் வருவாயும் முன்னிலும் மேம்பட்டே இருந்தன. கடனாகப் பெற்றதற்கும் உடைமையாகப் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் இதிலிருந்து உணர்கிறோம். வங்கிக்குத் திருப்ப வேண்டிய பணம் ஒரு பெண்ணின் கையில் தங்குவதில்லை. அவள் வழியாகக் கடந்து செல்கிறது. பசுவோ நிலமோ அவளிடமே நிற்கிறது.

உடைமையோடு அவளது நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1997இல் நமது மாவட்டத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லின் கொல்லிமலையில், நம் மலையில் வாழ்வது போலவே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களுடைய பழம்பயிர்கள். சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியபோது இவை சுருங்கத் தொடங்கின. பணப்பயிரின் ஆசை ஒரு காரணம். மற்றொரு காரணம் பெண்களின் உழைப்புப் பாட்டில் இருந்தது. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலில் இட்டு, குத்திப் புடைத்து, மீண்டும் குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கே மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பணியாற்றியபோது, மகளிர் குழுக்களே நடத்தும் வகையில் ஊர்களில் உமி நீக்கும் ஆலைகளை அமைத்துக் கொடுத்தது. உலக்கைப் பாடு குறைந்தது. அரிசியாக்கிய சாமையை விற்கவும் வழி பிறந்தது. சொற்பொழிவுகளால் ஆகாதது ஓர் ஆலையால் ஆயிற்று. இந்த ஆலை தனியொருவருக்கன்றிக் குழுப் பெண்களின் பொறுப்பிலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நிலத்திற்கு வருவோம். இம்மலையில் ஒரு வீதியில் வாழும் மூன்று குடும்பங்களுக்கு மூன்று விதமான வாரிசுச் சட்டங்கள் நடைமுறையில் இருந்திருக்கின்றன என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

இந்து சகோதரிகளுக்குத் தமிழகத்தில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமே பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களுக்கு இணையான உரிமையை அளித்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் கிட்டியது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. இம்மலையின் மூத்த குடிகளான மலையாளி மக்களின் பெண்கள், அந்த ஒற்றை வரியால் பல்லாண்டுகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். வழக்கம் என்ன சொல்கிறதோ அதுவே சட்டம். வழக்கத்தைச் சொல்பவர்களோ ஆண்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், தமிழகப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டென்று தீர்ப்பளித்தது. 2025இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், பழங்குடி மகள் என்பதாலேயே ஒரு பெண்ணுக்குப் பங்கை மறுக்க இயலாது என்று கூறியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, மணமானவர்களுக்கு அளிக்கும் உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருக்க வேண்டுமென்றே விதித்திருக்கிறது. நமது அண்டை வீட்டுப் பெண்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்வதும் நமது கடமைகளுள் ஒன்றாகும்.

மூன்றாவது, நாம். பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பதைத் திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விதியாக்கிவிட்டது. இதில் நாம் பெருமை கொள்வது இயல்பு. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு வளைவு இருந்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், விவசாய நிலத்தைத் தன் எல்லையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. வீட்டில் பங்கு உண்டு, வயலில் வழக்கம் எதுவோ அதுவே என்ற நிலை. சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தத்தால் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே தமிழகத்தில், முஸ்லிம் பெண்ணுக்குக் காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும் நஞ்சையிலும் புஞ்சையிலும் பங்கு உண்டென்பது 1949 முதல் நாட்டின் சட்டமுமாகும். விவசாய நிலம் பெண்மக்களுக்குப் போகாது என்று இன்றும் திண்ணையில் அமர்ந்து சொல்பவர்களுக்கு இந்த ஆண்டை மட்டும் நினைவூட்டினால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் உடைய ஒருவர் மரணிக்கிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை. பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் உள்ளனர். 200 சென்டில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 25 சென்ட். மீதி 175 சென்ட் நான்கு பங்காகிறது. மகனுக்கு இரண்டு பங்கு, 87½ சென்ட். மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, 43¾ சென்ட். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1200 அரபிகா செடிகள் நிற்கும். அவ்வாறாயின் ஒரு மகளின் பங்கில் ஐந்நூறு செடிகளுக்குக் குறையாது. நிழல்மரம்தோறும் மிளகுக் கொடி ஏற்றினால் அது தனி. வேறொருவர் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு பெண்ணுக்கும், தன் ஐந்நூறு செடிகளில் பழம் பறிக்கும் ஒரு பெண்ணுக்கும் உள்ள தூரத்தை உங்கள் சிந்தனைக்கே விடுகிறோம். 2025இன் தொடக்கத்தில் உலகச் சந்தையில் அரபிகாவின் விலை இதுவரை காணாத உச்சத்தைத் தொட்டபோது, அந்த ஏற்றம் கூலிப் பைக்கு வரவில்லை; பட்டாதாரரின் பைக்குத்தான் சென்றது. பயிர்க்கடனுக்கும் மானியத்துக்கும் வங்கியும் அலுவலகமும் முதலில் கேட்பது அந்தப் பட்டாவைத்தான்.

நடைமுறையில் நிகழ்வது என்ன? தந்தை மறைந்து நாற்பது நாள் கழியுமுன், சில குடும்பங்களில் விடுதலைப் பத்திரம் தயாராகிவிடுகிறது. உனக்குத்தான் சீர்வரிசை செய்தாயிற்றே, நகை போட்டாயிற்றே, நாளைக்குத் தாய்வீடு என்று வர வேண்டாமா என்று அண்ணன் கேட்கிறார். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில், படித்துப் பாராமலே தங்கை கையொப்பமிடுகிறாள். அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய உரிமை. அதில் எவரும் குறுக்கே நிற்க முடியாது. தன் பங்கு எத்தனை சென்ட் என்று அறியாமல் விட்டுக்கொடுப்பது எங்ஙனம் மனமுவந்ததாகும்? விடுதிகளும் பயணிகளும் பெருகி மலைநிலத்தின் மதிப்பு ஏற ஏற, இப்பத்திரங்களின் அவசரமும் கூடி வருகிறது. பிற்பாடு அந்தச் சகோதரி கணவனை இழந்து பைத்துல்மால் உதவிக்கு மனு எழுதி நிற்கும்போது, நாம் மாதம் சில நூறு ரூபாய் ஒதுக்குகிறோம். தன் பங்கு கையில் இருந்திருந்தால், அவளே ஜகாத் கொடுப்பவர்களின் பட்டியலில் இருந்திருப்பாள்.

ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் சில ஏற்பாடுகளைப் பொதுக்கூட்டத்தின் பரிசீலனைக்கு வைக்கிறோம்.

மஹல்லாவில் ஒருவர் மரணித்தால், வாரிசுகள் இன்னார், ஒவ்வொருவரின் பங்கு இவ்வளவு என்று இமாம் அவர்களைக் கொண்டு கணக்கிட்டு, ஒரே தாளில் எழுதி, வாரிசுகள் அனைவரிடமும் தனித்தனியே ஒரு படி கொடுக்கப்பட வேண்டும். பெண் வாரிசுகளின் படி அவர்கள் கையிலேயே சேர வேண்டும். அண்ணன் வழியாகவோ கணவர் வழியாகவோ அனுப்பலாகாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றிற்கும், பட்டா மாறுதலுக்கும் மனு எழுதித் தருவதற்கு, படித்த நம் பெண்மக்கள் இருவரை ஜமாஅத் நியமிக்கலாம். ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறத் தயங்கும் தாய்மார்களுக்கு அவர்கள் துணையாக உடன் செல்லட்டும்.

மஹர் தொகையைத் தஃப்தரில் எழுதும்போது, வசதியுள்ள குடும்பங்கள் பணத்துக்குப் பதிலாகவோ பணத்துடனோ ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தை மஹராக அளிப்பதை ஊக்குவிக்கலாம். புதிதாக நிலமோ வீடோ வாங்குவோர் மனைவி, மகள் பெயரில் பதிவு செய்யலாம். பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துப் பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகையைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் அறிவித்தது.

இறுதியாக, விடுதலைப் பத்திரங்கள். பங்குக் கணக்குத் தாள் அந்தப் பெண்ணின் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டு, ஒரு மாதம் கழிந்து, அவளே நேரில் தன் சம்மதத்தைத் தெரிவித்தாலன்றி, நமது ஜமாஅத்தின் நிர்வாகிகள் எவரும் அத்தகைய பத்திரத்தில் சாட்சியாகக் கையொப்பமிடலாகாது என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறோம். இது எவருடைய குடும்ப விவகாரத்திலும் தலையிடுவது ஆகாதா என்று பெரியவர்கள் சிலர் முன்னரே கேட்டார்கள். சாட்சிக் கையொப்பம் நம்முடையது. அதனை எப்போது இடுவது என்று முடிவு செய்யும் உரிமையும் நம்முடையதே என்பது எமது பதில்.

இத்தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன், திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் கருத்தையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டுமென்று தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறோம். அதற்கான தாள்களும் பேனாக்களும் அப்பக்கம் ஏற்கெனவே வைக்கப்பட்டுள்ளன.

வஸ்ஸலாம்.